உப்புப் பூக்காத சட்டை

சட்டையின் கழுத்துப் பட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் பெரியவள். சலவைக்கூடத்தில் மூட்டை பிரிக்கிற மேஜை அவளுடையது. ஓட்டல், ஆஸ்பத்திரி, தங்கும் விடுதி என்று எங்கெங்கிருந்தோ வருகிற அழுக்கு மூட்டைகளை அவிழ்த்து, வெள்ளையை வெள்ளையோடும் சாயத்தைச் சாயத்தோடும் சேர்த்துவிட்டு, கறை பட்டதை மட்டும் தனியே எடுத்துக் கையால் கசக்கிப் பிழிந்து போட வேண்டும். கழுத்தில் கறுப்பு வரி விழுந்திருந்தால் வண்டி ஓட்டுகிறவன். அக்குளில் மஞ்சள் ஏறியிருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவனை விரட்டுகிறவன். முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன்.

“இவன் சமையல்காரன். வீட்ல பொண்டாட்டியோட சண்டை,” என்பாள், ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி.

“சண்டைன்னு சட்டையில எழுதியிருக்கா?” என்பாள், நீராவி இஸ்திரியில் நிற்கிற வாயாடி.

“உப்பு மேல உப்பு ரெண்டு அடுக்கு பூத்திருக்கு பாரு. நேத்து இதை யாரும் துவைச்சுக் குடுக்கல.”

கூடமே சிரிக்கும். பெரியவளும் சிரிப்பாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அவள் பல்லை முழுசாகப் பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

ஊரார் வேர்வையை வைத்து இப்படிக் குடும்பக் கதையே சொல்கிறவளுக்கு, தன் வீட்டுத் துணிக்கூடையில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. வீட்டில் அவள் துணி துவைப்பதில்லை. கொழுந்தனின் மனைவியாகச் சின்னவள் அந்த வீட்டுக்கு வந்த புதிதில், “ஊர் அழுக்கை எல்லாம் நான் வெளுக்கறேன், வீட்டு அழுக்கும் நானேதானா?” என்று ஒருநாள் பெரியவள் சலித்துக்கொண்டாள். சின்னவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாய்க்குப் போனாள். அன்றிலிருந்து வீட்டுத் துணி சின்னவளுடையது. அப்போது பெரியவளுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

துணியோடு போனது துணியோடு நிற்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே லாரி. ஒருவன் ஓட்ட, மற்றவன் கூடப் போக, மாதத்தில் பாதிக்கு மேல் சாலையில்தான் இருப்பார்கள். பெரியவளுக்கு மகன் பிறந்தான். அவன் பால் குடி மறந்ததும் அவள் மறுபடி வேலைக்குப் போனாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சின்னவள் கைக்குப் போயிற்று. யாரும் பிடுங்கவில்லை. அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

பையனைப் பூனை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மெல்லிய சோளக் குஞ்சம் போலக் கொஞ்சமே கொஞ்சம் முடி. பல் முளைக்கும் வயதில் எதுவும் முளைக்காமல், பிறகு தாமதமாக முளைத்த நாலைந்தும் கூர் கூராக வந்தன. சீக்குக்கோ அவன்மேல் தனிப் பிரியம். காதில் சீழ், அது ஆறினால் மார்ச்சளி, அது விட்டால் தொடையில் கட்டி. தெருமுனை வைத்தியரின் நாற்காலிக்கு அவன் உடம்பு பழகிவிட்டது.

சின்னவளுக்கு ஒரு மகள். இவனுக்கு ஒன்றரை வயது இளையவள், இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பேர் பீப்பாய். தலையில் அடர்ந்த முடி. ஓடி வந்தால் நெற்றியில் வேர்வை ஆறாக வழியும். சளி பிடித்தால் ஒரு தும்மலோடு சரி. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, “ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க?” என்று சின்னவளை மெச்சினாள். மெச்சல் சின்னவளுக்கு, சூடு பெரியவளுக்கு. ஊட்டினது என் பிள்ளைக்கு, வளர்ந்தது அவள் பிள்ளையா என்று அன்று இரவு முழுக்க அவள் உள்ளுக்குள் கணக்குப் போட்டாள்.

பொறாமை என்று சொன்னால் பெரியவள் அடிக்க வருவாள். ஆனால் வேறு பேர் அதற்குக் கிடையாது. வேலை முடிந்து வரும்போது பையன் கதை கேட்டுக்கொண்டிருப்பான், சின்னவள் மடியில். இவளைப் பார்த்து “அம்மா வந்தாச்சு” என்பான், தபால்காரர் வந்தாச்சு என்கிற குரலில். இவள் சோறு பிசைந்து ஊட்டினால், “சித்தி இவ்ளோ பெரிய உருண்டையா வைக்க மாட்டாங்க” என்பான். பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டால் அவன் கழுத்திலிருந்து சின்னவளின் சோப்பு வாசம் வரும். சளி முற்றிக் காதிலும் சீழ் பிடித்த ஒரு தடவை, வைத்தியர், “எந்தக் காது முதல்ல வலிச்சுது?” என்று கேட்டார். பெரியவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற சின்னவள், “இடது காதுங்க. வலிக்கறதுக்கு முன்னாடி நாள் ரொட்டியை மெல்ல மாட்டேன்னான்,” என்றாள். வைத்தியர் அதற்கப்புறம் மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சின்னவளைப் பார்த்தே சொன்னார். பெரியவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோடை உச்சத்தில் ஒருநாள் சலவைக்கூடத்தின் பாய்லர் பழுதாகி, எல்லாரையும் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தோஷமாகப் பையனுக்கு ஒரு பன் வாங்கிக்கொண்டு பெரியவள் வந்தாள். பின்கட்டுக் குழாயடியில் பையன் சட்டையோடு நின்றான். சின்னவள் குவளையில் தண்ணீர் மொண்டு அவன் தோளில், முதுகில், நெஞ்சில் ஊற்றினாள். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பையன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்னடி பண்றே?”

சின்னவள் திரும்பினாள். “சீக்கிரம் வந்துட்டீங்களா அக்கா? வெயில் தாங்கல அவனுக்கு. அதான்…”

“வெயில் தாங்கலேன்னா விசிறி விடு. ஈரச் சட்டையோட நிக்க வெப்பியா? போன மாசம் மார்ச்சளியில அவன் உயிர் போய் உயிர் வந்தது. எங்கேருந்துதான் வருதோ இந்தச் சளின்னு நான் மண்டையை உடைச்சுக்கறேன். இங்கேருந்துதானா வருது?”

“இது தினமும் பண்றதுதான்கா. சளி இதனால வரல. நனைச்சாதான் நிம்மதியா இருக்கான். இல்லேன்னா உடம்பு அனலாக் கொதிக்குது. அவனுக்கு வேர்க்காதுல்ல? நான்தான் முன்னமே உங்ககிட்ட…”

சொன்னாள்தான். போன கோடையில், துணி மடிக்கும்போது, “அக்கா, பூனை சட்டையில வேர்வை வாசமே வராது தெரியுமா?” என்றாள். “ஏன், உன் பொண்ணு சட்டை மாதிரி நாறலேன்னு குறையா?” என்று பெரியவள் அன்று வாயை அடைத்திருந்தாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

“வேர்க்காது, வேர்க்காது! என் பிள்ளைக்குக் குறை சொல்லாம உனக்குத் தூக்கம் வராது. உன் பொண்ணை நிக்க வெச்சு ஊத்து பார்க்கலாம், இப்படி?”

“அவளுக்கு எதுக்குக்கா? அவளுக்குத்தான் வேர்க்குதே.”

“உனக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? குண்டு குண்டா, குத்துக்கல்லு மாதிரி? என்னுதும் வேணுமா உனக்கு?”

சின்னவள் குழாயை மூடினாள். முகம் வெளுத்துவிட்டது. பதில் பேசியிருந்தால்கூடப் பெரியவளுக்கு ஆறியிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பையன், சொட்டச் சொட்ட நடந்துபோய்ச் சித்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் துணியைப் பிடித்தபடி தாயை எட்டிப் பார்த்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய் என்றால் அதுதான்.

“நாளையிலேருந்து அவனை நான் வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன். யாரும் பார்த்துக்க வேணாம்,” என்றாள் பெரியவள். கையிலிருந்த பன்னைப் பீப்பாய் கேட்டாள். அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று நமக்குச் சொல்லத் தெரியும். அவளுக்கு அன்று இரவு அப்படி ஒரு நிம்மதி. பையனைத் தானே குளிப்பாட்டி, தானே ஊட்டி, தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். தூக்கத்தில் அவன் “சித்தி, கதவைத் தொற” என்றான். “அம்மா இருக்கேன்டா” என்று அவன் காதில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் அவனுக்கு இருப்பதிலேயே நல்ல சட்டையாக எடுத்துப் போட்டாள். தடித்த துணி, முழுக்கை, கழுத்து வரை பட்டன். காற்று படாமல் இருந்தால் சளி வராது என்பது அவள் கணக்கு. சின்னவள் அடுப்படியில் நின்றபடி, “அக்கா, தண்ணி பாட்டிலாவது…” என்று ஆரம்பித்தாள். “எங்க கூடத்துலயும் தண்ணி இருக்கு,” என்று பெரியவள் நடையைக் கட்டினாள்.

சலவைக்கூடத்தில் அன்று அவளுக்குக் கொண்டாட்டம். பழுது பார்த்த பாய்லர் பழைய கோபத்தையும் சேர்த்துக் கக்கியது. கூடம் முழுக்க நீராவி. வெளியே அனல். துவைக்கிற மெஷின்கள் ஒரு பக்கம் உறும, உலர்த்துகிற மெஷினின் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து சூடு முகத்தில் அறைந்தது. பெண்கள் எல்லாரும் தொப்பல் தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

“அட, இதுதான் உன் பூனையா?” என்று வாயாடி வந்து கன்னத்தைத் தடவினாள். “கூடத்துக்குப் புது மேஸ்திரி வந்தாச்சு. டேய், எங்க சம்பளத்தை ஏத்துவியா?”

“ஏத்தறேன்,” என்றான் பையன்.

“அம்மாவுக்கு ஏத்தாதே. அவ ஏற்கெனவே நம்மளை மதிக்கறதில்ல.”

பெரியவளுக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. மேஜைக்கு அடியில் பழைய போர்வையை விரித்து அவனை உட்கார வைத்தாள். துணிகளிலிருந்து உதிர்ந்த பட்டன்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அவன் பட்டன்களை நிறம் பிரித்து வைத்தான். “என் புத்திதான் பாரு, பிரிக்கிற வேலை ரத்தத்துலயே இருக்கு” என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தலையை நீட்டினான். “அம்மா, சட்டையை நனைச்சுக்கட்டுமா?”

“கூடாது.”

“கொஞ்சமாம்மா. முதுகுல மட்டும்.”

“சித்தி பழக்கின கெட்ட பழக்கம் அது. சளி பிடிக்கும். தண்ணி குடி.”

தண்ணீர் குடித்தான். மறுபடி கேட்டான். மறுபடி கூடாது என்றாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. சமத்தாக விளையாடுகிறான் என்று அவள் ஓட்டல் மூட்டையை அவிழ்த்தாள். அன்றைக்குச் சமையல்காரன் சட்டையில் மூன்று அடுக்கு உப்பு. வாயாடிக்குக் காட்டுவதற்காக அதைத் தூக்கியவள், மேஜைக்கடியிலிருந்து பட்டன் டப்பா உருளுகிற சத்தத்தைக் கேட்டாள்.

குனிந்து பார்த்தபோது பையன் போர்வைமேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. கண் பாதி திறந்து, கருவிழி மேலே ஏறியிருந்தது. தொட்டவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். வாயாடிதான் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பெரியவள் பின்னால் ஓடினாள், கையில் இன்னும் அந்தச் சமையல்காரன் சட்டையோடு.

கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய ஆஸ்பத்திரி. அதன் படுக்கை விரிப்பெல்லாம் இவள் மேஜைக்கு வருவதுதான். பையனைக் கிடத்திய விரிப்பின் ஓரத்தில் பழுப்பாக ஒரு மருந்துக் கறை. போகாத கறை, இவளே ஒருநாள் போராடித் தோற்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸுகள் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். சூடு இறங்கி, பையன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். குழந்தை டாக்டர் வந்தாள். கண்ணாடி போட்ட, அவசரப்படாத நடுவயதுப் பெண். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டாள்.

“மார்ல சளி கட்டியிருக்கு. அடிக்கடி வருமா?”

“வரும் டாக்டர்.”

“காது, தோல், கட்டி, அது இதுன்னு?”

“எல்லாம் வரும்.”

டாக்டர் பையனின் கையைத் தடவிப் பார்த்தாள். “இவ்வளவு சூட்டுலயும் உடம்பு காய்ஞ்சு கிடக்கே. இவனுக்கு வேர்க்குமா அம்மா?”

சாதாரணக் கேள்வி. பெரியவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஞாபகத்தில் தேடினாள், அவன் நெற்றியில் ஒரு துளி, கழுத்தில் ஒரு வரி, சட்டை முதுகில் ஒரு உப்புப் பூ. ஊரில் எல்லார் முதுகும் தெரிந்தது, அந்த ஒரு முதுகு தெரியவில்லை. தெரியாது என்று சொல்லலாம். பெற்றவள் தெரியாது என்றால் டாக்டர் என்ன நினைப்பாள்? வேர்க்காது என்றால் அது சின்னவள் சொன்ன வார்த்தை. அவள் வார்த்தையை இவள் வாயால் சொல்வதா?

“வேர்க்கும் டாக்டர்,” என்றாள். “நல்லா வேர்க்கும்.”

டாக்டர் தலையாட்டினாள். “அப்போ சளிக் காய்ச்சல்தான். மருந்து போட்டிருக்கேன், பார்ப்போம்.”

வார்டின் மேற்குப் பக்க ஜன்னலில் வெயில் இறங்கியது. மின்விசிறி சுற்றியது, காற்று சுடுகாற்று. பையன் லேசாக நடுங்கினான். குளிர் காய்ச்சல் என்று பெரியவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினாள். சூடு ஏறியது. நர்ஸ் வந்து போர்வையை விலக்கித் துடைத்துவிட்டுப் போனாள். இறங்கியது. பெரியவள் சட்டையைப் போட்டு மூடினாள். மறுபடி ஏறியது. பையன் பிதற்ற ஆரம்பித்தான். “சித்தி, தண்ணி ஊத்து” என்று கையைத் தூக்கித் தூக்கிப் போட்டான்.

டாக்டர் இரண்டாம் தடவை வந்தபோது முகம் மாறியிருந்தது. “துடைச்சா இறங்குது, விட்டா ஏறுது. சளிக் காய்ச்சல் இப்படி ஆடாது. இப்படியே ஏறிட்டுப் போனா வலிப்பு வரும், மூளையைப் பாதிக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இவனுக்கு நிஜமாவே வேர்க்குமா? நீங்க பார்த்திருக்கீங்களா?”

பையனின் கை மெத்தையில் விழுந்து எழுந்தது. ஊற்று, ஊற்று என்றான்.

“எனக்குத் தெரியாது டாக்டர்,” என்றாள் பெரியவள். “நான் பெத்தவ. ஆனா எனக்குத் தெரியாது. வேர்க்கும்னு பொய் சொன்னேன். தெரிஞ்சவ வீட்ல இருக்கா.”

“யாரு?”

“என் கொழுந்தன் பொண்டாட்டி. இவன் சட்டையை அவதான் துவைக்கறா.”

டாக்டர் திட்டவில்லை. போர்வையை முழுசாக உருவி எறிந்துவிட்டு, “கூப்பிடுங்க. சீக்கிரம்,” என்றாள்.

சின்னவள் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு மெல்லிய அரைக்கைச் சட்டை இருந்தது. வழியிலேயே எங்கோ குழாயில் நனைத்திருக்கிறாள், வார்டு முழுக்கச் சொட்டியது. பெரியவளைப் பார்த்தாள். பையனின் மார்பில் சட்டையை விரித்துவிட்டு டாக்டரிடம் திரும்பினாள்.

“வேர்க்காதுங்க. கைக்குழந்தையிலேருந்தே வேர்க்காது. இவன் சட்டையைத் துவைச்சா தூசி போகும், புழுதி போகும், உப்பு மட்டும் இருக்கவே இருக்காது. ஓடினா மூஞ்சி சிவந்துடும், உடனே தரையில படுத்துப்பான், சில்லுன்னு இருக்குன்னு. அதான் நனைச்சு விடறது. குளிர் நாள்ல வேண்டியிருக்காது. அழுதா கண்ணீரும் கொஞ்சமாத்தான் வரும்.”

கண்ணீர்கூடவா என்று பெரியவள் நினைத்தாள். பையன் அழுவதை அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாள், கண்ணைக் கவனித்ததில்லை.

டாக்டர் பையனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். தலையின் மெல்லிய முடியை விரலால் நீவினாள். எதையோ கண்டுகொண்ட மாதிரி நிமிர்ந்து, சின்னவளைத் தாண்டிப் பெரியவளைப் பார்த்தாள்.

“நீங்க வாயைத் திறங்கம்மா.”

“நானா?”

“நீங்கதானே அம்மா?”

இத்தனை வருஷம் பொத்திய வாய். பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திறந்தாள். முன்பற்களுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் பல்லே முளைக்கவில்லை. மறுபக்கம் முளைத்தது ஆணி முனை மாதிரிக் கூராக இருந்தது. பையன் வாயில் இருந்த அதே பல். சின்னவள் குனிந்து பார்த்தாள். அவளும் அதுவரை பார்த்ததில்லை.

“உடம்புல எங்கேயாவது கோடு கோடா, நிறம் வெளுத்து இருக்கா?”

“கெண்டைக்கால்ல இருக்கு. பொறந்ததுலேருந்து.”

“உங்க கூடப் பொறந்த பசங்க யாராவது சின்ன வயசுல தவறிட்டாங்களா?”

“ரெண்டு தம்பி. ரெண்டும் கைக்குழந்தையாவே போயிடுச்சு. காய்ச்சல்னு சொன்னாங்க.”

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “வேர்வைச் சுரப்பி, பல்லு, முடி, இதெல்லாம் வயித்துல இருக்கும்போதே உருவாகறது. அதுக்குக் கட்டளை போடற ஒரு ஜீன் இவனுக்குச் சரியா இல்லைன்னு நினைக்கறேன். கிருமியை எதிர்த்துச் சண்டை போடறதுக்கும் அதே ஜீன்தான் வேணும். அதான் இவனுக்கு ரெண்டு தொல்லையும். வேர்க்காது, வந்த சீக்கும் போகாது. ரொம்ப அபூர்வமானது. ரத்தம் எடுத்து அனுப்பறேன், முடிவு வரட்டும். மாசாமாசம் எதிர்ப்புச் சக்தியை ஊசி வழியா ஏத்தணும், தினமும் மருந்து குடுக்கணும். பிற்பாடு எலும்பு மஜ்ஜை மாத்தறதைப் பத்தியும் பேசணும். வழி இருக்கு. இவ்வளவு நாள் இவன் தாக்குப் பிடிச்சதே இந்த ஈரச் சட்டையாலயும்தான்.”

“எப்படி டாக்டர் வந்தது? சளியாலயா? நனைச்சதாலயா?” பெரியவள் கேட்டாள்.

“இல்லம்மா. இது அம்மாகிட்டேருந்து வர்றது. உங்களுக்கு அதே ஜீன்ல நல்லது ஒண்ணும் கூட இருக்கறதால தப்பிச்சுட்டீங்க, பல்லுலயும் கால்லயும் மட்டும் அடையாளம். ஆம்பளைப் பசங்களுக்கு அந்த ஜீன் ஒண்ணுதான் இருக்கும், இவனுக்கு வந்தது பழுதானது. உங்க தப்பு இல்ல. ஆனா உங்ககிட்டேருந்துதான் வந்தது.”

சொல்லக்கூடாது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு கணம் பெரியவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. என்கிட்டேருந்து. இத்தனை வருஷம் குளிப்பாட்டினாலும் ஊட்டினாலும் சின்னவளால் கொடுக்க முடியாத ஒன்று. என் வாய், என் பிள்ளை வாய். அவள் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த மூச்சிலேயே தான் எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்பது புரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைத் தின்னுகிற நோயைக்கூட என்னுடையது என்று சொந்தம் கொண்டாடியிருக்கிறாளே! தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊரில் சொல்வார்கள். அவள் வயிறு இத்தனை நாள் எரிந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அன்றைக்குத்தான் அது அவளுக்கே நாறியது.

“அக்கா, எழுந்திருங்க,” என்று சின்னவள் கையைப் பிடித்தாள். “தண்ணி குடிக்கறீங்களா?”

“அவனை நான் கொன்னிருப்பேன்டி.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“நனைச்சுக்கட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டான். கூடாதுன்னேன். நீ பழக்கினதுன்னுதான் கூடாதுன்னேன்.”

சின்னவள் பிடித்த கையை விடவில்லை.

சாயங்காலம் வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. சளிக்கான மருந்து ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம் வேலை செய்ய, சூடு அடங்கிப் பையன் எழுந்து உட்கார்ந்தான். பன் கேட்டான். மார்பில் விரித்த சட்டை காய்ந்து போயிருந்தது. நர்ஸ் மூலையிலிருந்த தொட்டியைக் காட்டி, “நனைச்சுப் போட்டு விடுங்க,” என்றாள். சின்னவள் கை நீட்டுவதற்குள் பெரியவள் எடுத்துக்கொண்டாள்.

“நான் பிழியறேன்.”

தொட்டியில் முக்கி, ஒரு முறுக்கு முறுக்கினாள். எத்தனை ஆயிரம் துணி பிழிந்த கை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் உதறிக் கொண்டுவந்து பையன் முதுகில் வைத்தாள்.

“இது காஞ்சு போச்சு,” என்றான் அவன். “சித்தி பிழிஞ்சா சொட்டும்.”

பெரியவளுக்கு உள்ளே சுருக்கென்றது. இப்போதும் சுருக்கென்றது. அவள் திரும்பித் தொட்டிக்குப் போனாள். சட்டையை மறுபடி முக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கிறதையே தொழிலாகக் கொண்டவள் கேட்டாள்: “எவ்வளவு சொட்டணும்?”

சின்னவள் பக்கத்தில் வந்தாள். முறுக்க வேண்டாம் என்று இவள் கைமேல் கை வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெல்ல அமுக்கிக் காட்டினாள். “இவ்வளவுதான். நடந்தா சொட்டணும், நின்னா நின்னுடணும்.”

ஈரச் சட்டை முதுகில் பட்டதும் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஈ என்று சிரித்தான், அந்தக் கூர்ப் பல்லெல்லாம் தெரிய. அதைப் பார்த்துப் பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை ஈரமாக இருந்ததால் வாயைப் பொத்தவில்லை. அல்லது மறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் ஒரே பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“அம்மா, உனக்கும் பூனைப் பல்லு!” என்று பையன் கூவினான். “சித்தி, பாரு! அம்மாவும் பூனை!”

பெரியவள் திரும்பினாள். சின்னவள் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. ஆனால் அதற்கு மேலே, கண்ணுக்கடியில், முகம் ஒரு கணம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் வேலை முடிந்து வந்து, மடியில் கதை கேட்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் அவள் பார்த்த முகம் அது.

பையன் சட்டைக்குள் கையை நுழைத்துவிட்டு, பட்டன் போடச் சொல்லித் தாயைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான்.

“நீ போட்டு விடு,” என்றாள் பெரியவள் சின்னவளிடம். “என் கை ஈரமா இருக்கு.”

சின்னவள் கையும் ஈரமாகத்தான் இருந்தது. அவள் வந்து, குனிந்து, பட்டனைப் போட ஆரம்பித்தாள்.